கொக்குத்திட்டியில் முதற்காலடி

தேநீருக்குச் சீனி வேண்டாம் என்று வந்ததுமே சொன்னேன். தாராளமாகப் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். பரவாயில்லை ஐயா, குடித்துவிட்டேன். ஆசையோடு தந்ததை வேண்டாம் என்று தள்ளுவது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றதற்கு நீங்கள் இடம் கொடுத்ததும் பெரிய உபகாரம். மேசையில் இருந்த பொலிஸ் தம்பி நல்ல பிள்ளைதான். ஆனால் அவர் எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை போதாது. நான் குறிகட்டுவான் பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருந்து ஓய்வுபெற்றவன். பெயர் ஏரம்பு குலசிங்கம். நான் எழுதியதை ஒருவரும் திருத்தியது கிடையாது. நான் எழுதிய நேரத்துக்குப் பஸ்கள் வரவில்லை என்றால், அது பஸ்களின் குற்றம்.

றஜீபன் கடலில் தாழ்ந்து செத்த விஷயமாக நீங்கள் அமலதாசைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அதில் ஒரு சின்னத் திருத்தம் இருக்கிறது. அதற்காகத்தான் காலை பஸ்ஸில் ஏறி வந்தேன். திருத்தம் கடைசியில் வரும். முதலில் சொல்லவேண்டியதை முதலில் சொல்லாவிட்டால் நீங்கள் என்னைப் பற்றித் தப்பாக நினைத்துவிடுவீர்கள்.

உங்கள் தொலைபேசியில் 'இஞ்ச' இருக்கிறதோ தெரியாது. இல்லையென்றால் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் உத்தியோகத்துக்கு மிகவும் உதவும். எங்கள் புங்குடுதீவில் பிறந்து, ரொறன்ரோவில் பனிக்குள் இருந்துகொண்டு ஊரை நினைத்து உருகும் பிள்ளைகள் சிலர் செய்த செயலி அது. நீங்கள் எங்கே நிற்கிறீர்களோ அங்கே நின்று 'இஞ்ச நிக்கிறன்' என்ற பொத்தானை அழுத்தவேண்டும். உடனே பாரிசிலும் சுவிசிலும் கனடாவிலும் இருக்கும் எங்கள் ஊரவர்களின் வரைபடத்தில் நீங்கள் ஒரு நீலப்புள்ளியாக எரிவீர்கள். அவர்கள் பார்த்து ஒரு சிவப்பு இருதயம் அனுப்புவார்கள். ஊரில் இருப்பவர்களைவிட ஊரைத் தூரத்தில் இருந்து பார்ப்பவர்களே அதிகம் என்பதால் செயலிக்கு நல்ல வரவேற்பு.

சண்டை நடந்த காலத்தில் 'எங்கை போறாய், எங்கையிருந்து வாறாய்' என்று சந்திக்குச் சந்தி மறித்துக் கேட்டார்கள். பதில் சொல்ல நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போது ஒருவரும் கேட்காமலே நாங்களே வலியப் போய்ச் சொல்கிறோம். முன்னேற்றம் என்றால் இதுதான்.

எனக்கு அந்தச் செயலி பிடித்திருந்தது. அதை மறைக்க மாட்டேன். என் மனைவி மகள் கஜானிக்குப் பேறு பார்க்க என்று கனடா போனவள். பேரன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டான், அவள் இன்னும் பேறு பார்த்து முடியவில்லை. வார இறுதியில் கோல் எடுப்பாள். பிறஷர் குளிசை போட்டதா என்று கேட்பாள், போட்டது என்பேன், அத்தோடு கதை முடியும். 'இஞ்ச' வந்தபிறகு எல்லாம் மாறியது. "அப்பா, காலமை கோயிலடி, பிறகு சந்தையடி, இப்ப ஜெற்றியடி. நல்லா நடக்கிறியள்" என்று கஜானி வேலைத்தலத்தில் இருந்தே எழுதுவாள். சுவிசில் இருந்து முகமே தெரியாத ஒருவன், "குலசிங்கம் அண்ணை நிக்கிறவரைக்கும் ஊர் நிக்கும்" என்று எழுதினான். அதை வாசித்துவிட்டு முற்றத்தில் நின்று அழுதேன். சந்தோஷத்தில் அழுததுதான். அந்த நாட்களில் நான் உண்மையாகவே சந்தோஷமாக இருந்தேன் ஐயா.

அந்தப் பிள்ளைகள் வெறும் பொத்தானோடு விட்டிருக்கலாம். பட்டமும் வைத்தார்கள். ஒரு இடத்தில் யார் அதிகம் பொத்தான் அழுத்துகிறாரோ, அவர் அந்த இடத்துக்கு விதானையார். பல இடங்களுக்கு விதானையார் ஆனவர் உடையார். முழுத் தீவுக்கும் ஒரு மணியகாரன். வெள்ளைக்காரன் காலத்துப் பதவிகளைத் தூசு தட்டி எடுத்து விளையாட்டுக்கு வைத்திருந்தார்கள். அவர்களுக்கு அது விளையாட்டு. என் பாட்டனார் விதானை வேலைக்கு விண்ணப்பித்து, அது பக்கத்து வளவுக்காரருக்குப் போய்விட்டது. அந்தக் கதை எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பரிமாறப்பட்டது. சோறு இல்லாத நாளிலும் அது இருந்தது.

கொஞ்சக் காலத்திலேயே நான் ஜெற்றிக்கு விதானையார், சந்தைக்கு விதானையார், பாலத்தடிக்கு விதானையார், எங்கள் அம்மன் கோயிலுக்கும் விதானையார். உடையார் என்று என் பெயருக்கு முன்னால் தங்க எழுத்தில் வந்தது. சங்கக் கடையில் அரிசி வாங்கப் போனால், "வாங்கோ உடையார்" என்பார்கள். கேலிக்குத்தான் சொன்னார்கள். ஆனாலும் எழும்பிக் கதிரை தந்தார்கள். கதிரை உண்மையான கதிரை.

இன்னொரு பட்டமும் உண்டு. வரைபடத்தில் ஒருவரும் இன்னும் பொத்தான் அழுத்தாத இடத்துக்கு முதலில் போய் அழுத்துபவருக்கு 'முதற்காலடி' என்று பெயர். விதானைப் பட்டம் இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் பறிபோகும். முதற்காலடி பறிபோகாது. ஆள் செத்தாலும் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி றஜீபன். அவன் நல்ல பிள்ளை. இதை இப்போதே எழுதிவிடுகிறேன், நான் அவன்மேல் பகை வைத்திருந்தேன் என்று நாளைக்கு ஒருவரும் சொல்லக்கூடாது. கைப்பிள்ளையாகப் பாரிசுக்குப் போனவன், மீசை வைத்த ஆளாகத் திரும்பி வந்தான். கோயில் மேற்கு வீதியில் பூட்டிக்கிடந்த பூட்டன் வீட்டைத் திறந்து ஓடு மாற்றினான். அந்தப் பூட்டன்தான் என் பாட்டனாரின் விதானை வேலையைத் தட்டிக்கொண்டுபோன பக்கத்து வளவுக்காரர். அது பழங்கதை, அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. வந்த அன்றே என் வீட்டுக்கு வந்து, "மாமா, அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னவ" என்று ஒரு பெட்டி சொக்கிலேற்றும் ஒரு கம்பளித் தொப்பியும் தந்தான். எங்கள் ஊர் வெயிலுக்குக் கம்பளித் தொப்பி. ஆனாலும் வாங்கிக்கொண்டேன்.

அவனுடைய தாய் இலட்சுமிப்பிள்ளை அக்காவை எனக்குச் சிறுவயதில் இருந்து தெரியும். பாரிசில் இருந்துகொண்டு மகனின் புள்ளியைப் பார்த்தபடியே சமைப்பார், சாப்பிடுவார், செபமாலை உருட்டுவது போல அதை உருட்டிக்கொண்டிருப்பார். அவருக்கு இருக்கிற ஒரே பிள்ளை அவன்.

றஜீபனின் வீட்டுக்குள் சிக்னல் கிடையாது. மேற்கு வீதி யன்னல் ஓரத்தில்தான் கொஞ்சம் வரும், அதனால் தொலைபேசியை அங்கேயே வைத்திருப்பான். எங்கள் தீவின் தொலைபேசி ரவர் எப்படிப்பட்டது என்று உங்களுக்குத் தெரியும். நிற்கும் ஆளை ஒரு கூப்பிடு தூரம் தள்ளித்தான் காட்டும். என்னையே ஒருமுறை நெடுந்தீவுக்குப் பக்கத்தில் நடுக்கடலில் காட்டி, கஜானி பயந்துபோய்க் கோல் எடுத்தாள். நான் அப்போது குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். அந்த ரவர், யன்னலில் கிடந்த றஜீபனின் தொலைபேசியைத் தூக்கிக் கோயிலின் வசந்த மண்டபத்துக்குள் வைத்தது. அவனோ 'தானாகப் பதியட்டும்' என்ற வசதியைப் போட்டிருந்தான். பொத்தானைக்கூடத் தொடவேண்டியதில்லை. அவன் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, அவன் புள்ளி அம்மனுக்கு முன்னால் கைகட்டி நின்றது.

நான் குளித்து, வேட்டி மாற்றி, திருநீறு பூசி, வெயிலில் நடந்துபோய்ப் பொத்தான் அழுத்துகிறவன். ஆவணி பிறந்தபோது கோயிலுக்கு விதானையார் றஜீபன்.

ரொறன்ரோப் பிள்ளைகளுக்கு விளக்கமாக எழுதினேன். "நன்றி மாமா, கவனிக்கிறம்" என்று சிரிக்கும் முகம் ஒன்று வந்தது. அந்த முகம் இன்னும் கவனித்துக்கொண்டிருக்கிறது.

இதையும் பொறுத்திருப்பேன். பொறுமையில் எனக்கு நல்ல பெயர். ஆனால் அந்த வருடத் திருவிழாவுக்குக் கோயில் செயலாளர் சதீசனுக்கு ஒரு புதுயோசனை வந்தது. பூங்காவனத் திருவிழா அன்று பூசை முடிந்ததும் ஐயர் தாம்பாளத்தில் மாலை, தேங்காய், வெற்றிலை வைத்து ஊரில் பெரிய ஆளுக்குக் கொடுப்பாரே காளாஞ்சி, அந்த மரியாதையை இம்முறை 'இஞ்ச'வில் கோயில் விதானையாராக இருப்பவருக்குக் கொடுப்பதாம். வெளிநாட்டில் இருந்து உபயம் செய்பவர்களுக்கு உற்சாகமாக இருக்குமாம். எங்கள் குடும்பத்துக்குக் காளாஞ்சி கிடைத்துவந்தது என் தகப்பனாரோடு நின்றுபோய்விட்டது. பிறகு காசு உள்ளவன் வாங்கினான். இப்போது யன்னலில் தொலைபேசி வைத்தவன் வாங்கப்போகிறான்.

அன்றைக்கு மண்டபம் நிறைய ஆட்கள். ஐயர் றஜீபனின் கழுத்தில் மாலையைப் போட்டுத் தாம்பாளத்தைக் கையில் கொடுத்தார். அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடித்தான். நேரே வந்து தாம்பாளத்தை என்னிடம் நீட்டினான்.

"மாமா, நீங்கள் வாங்குங்கோ. எனக்கு உதெல்லாம் விளங்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அன்பான சிரிப்பு. யாரோ படம் பிடித்துப் போட்டார்கள், இருதயம் இருதயமாகக் கொட்டியது. நானும் அந்தப் படத்தில் பல் தெரியச் சிரித்துக்கொண்டு நிற்கிறேன், போய்ப் பாருங்கள். அவன் நல்ல மனதோடுதான் செய்தான். அதுதான் அதில் கேடு. சாமியிடமிருந்து வரவேண்டியதை இன்னொருவன் வாங்கி, 'இந்தா நீ சாப்பிடு' என்று தந்தால் அதற்குப் பெயர் காளாஞ்சி இல்லை, சோற்றுப் பார்சல். வீட்டுக்கு வந்து தாம்பாளத்தைக் குசினி மூலையில் வைத்தேன். வாழைப்பழம் கறுத்துப்போகும்வரை அதைத் தொடவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் ஒன்றுமில்லை, அந்தக் கிழமை நல்ல வெயில்.

அதற்குப் பிறகு நான் செய்தது ஒன்றே ஒன்று. 'இஞ்ச'வில் ஒரு இடத்தைச் சேர்த்தேன். யாரும் சேர்க்கலாம். வீட்டில் இருந்தபடியே வரைபடத்தில் விரலை வைத்து அழுத்திப் பெயர் கொடுத்தால் போதும்.

தெற்குக் கரையில் நின்றால் கடலுக்குள் ஒரு மணல்திட்டி தெரியும். கொக்குகள் வந்து நிற்பதால் கொக்குத்திட்டி என்போம். கடல் வற்றும் நேரத்தில் முழங்கால் தண்ணீரில் அங்கே நடந்து போகலாம். ஆனால் கரையில் இருந்து நேரே போகக்கூடாது. இடையில் தோணிகள் வருவதற்காக வெட்டிய வாய்க்கால் ஒன்று ஓடுகிறது. மேலே பார்த்தால் எல்லாம் ஒரே தண்ணீர். வாய்க்காலில் ஆள் தாழும், அடியில் சேறு, வைத்த காலைத் திரும்ப எடுக்க விடாது. அதனால் கிழக்குப் பக்கமாக வளைந்து, வாய்க்கால் முடியும் இடத்தைச் சுற்றிப் போகவேண்டும். நண்டுவலை போடும் அமலதாஸ் அந்த வளைவு நெடுகக் கம்பு நட்டு வைத்திருந்தான். அவனும் அவன் ஆட்களும் அன்றாடம் விடியற்காலையில் போய் வருவார்கள். அவர்கள் போவது தொழிலுக்கு, 'இஞ்ச' என்றால் என்னவென்றே தெரியாது. ஆகவே அது ஒருவரும் கால்வைக்காத இடம்.

நான் இப்படி எழுதினேன்: 'கொக்குத்திட்டி. முதற்காலடிக்குக் காத்திருக்கிறது. கடல் வற்றும் நேரம் நடந்து போகலாம். கம்பு வழியே போகவும்.' இதில் ஒரு சொல் பொய்யென்றால் காட்டுங்கள்.

நான் நினைத்திருந்தால் நானே போய் அந்த முதற்காலடியை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. அதையும் ஒரு தியாகம் என்று நீங்கள் குறித்துக்கொள்ளவேண்டும்.

றஜீபன் பார்த்த அன்றே ஓடிவந்தான். "மாமா, சூப்பர் இடம். அம்மாவுக்குக் கொக்குப் படம் எடுத்து அனுப்பவேணும், அவ சின்னனில அங்க போனவவாம்" என்றான். அப்போதுதான் அக்கறையாக ஒன்று கேட்டேன்.

"தம்பி, நீந்துவீரோ?"

"இல்லை மாமா. பாரிசில ஆர் கடலைக் கண்டது?"

"பயப்பிடாதேயும். முழங்கால் தண்ணிதான்."

இரண்டு நாள் பொறுத்துப் போகச் சொன்னேன், அன்றைக்குத்தான் மத்தியானத்தில் கடல் நன்றாக வற்றும் என்றேன். அவன் போகும்போது எனக்கு ஒரு உதவியும் செய்துவிட்டுப் போனான். என் தொலைபேசியை வாங்கி, 'தானாகப் பதியட்டும்' என்ற வசதியைப் போட்டுத் தந்தான். "இனி நீங்கள் வெய்யிலுக்க கஷ்டப்படத் தேவையில்லை" என்றான். அவ்வளவு நல்ல பிள்ளை.

அந்த நாள் காலையில் என் புள்ளி கோயிலில் இருந்தது. நீங்கள் விசாரித்திருப்பீர்கள். சதீசனும் சொல்லியிருப்பான், கோயில் அலுவலகத்தில் என் தொலைபேசி சார்ஜில் கிடந்ததை அவனே கண்டவன். பூசை முடியும்வரை நான் அங்கேதான் இருந்தேன் என்று உலகமே பார்த்திருக்கிறது. முப்பத்தைந்து இருதயம் வந்திருந்தது.

மத்தியானம் பஸ் நிலையத்துத் தேநீர்க் கடையில் இருந்தேன். றஜீபன் சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்றான். அரைக் காற்சட்டை. கழுத்தில் தண்ணீர் புகாத உறைக்குள் தொலைபேசி.

"மாமா, திட்டிக்குப் போறன். வாறியளோ?"

"எனக்கு முழங்கால் நோ. நீர் போட்டு வாரும்."

"கம்பு வழியாத்தானே?"

"ஓம். கம்பை விட்டு விலகாதேயும்."

அவன் விலகவில்லை. சொல்பேச்சுக் கேட்கும் பிள்ளை. 'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்று பழமொழி ஒன்று இருக்கிறது, அதைப் பாரிசில் சொல்லிக்கொடுப்பதில்லை போலும்.

நான் ஒரு வெறுந்தேநீர் சொல்லிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி வீதியால் போனது, கரையில் நின்றது, பிறகு கடலுக்குள் இறங்கியது. மெதுவாக, கோடு கீறியதுபோல நேரே போனது. அப்போது மணியடித்தது. 'றஜீபன் கொக்குத்திட்டியில் முதற்காலடி வைத்தார்!' சுவிசில் இருந்து இருதயம், நோர்வேயில் இருந்து இருதயம், என் சொந்த மகள் கஜானியிடம் இருந்து ஒரு இருதயம். ரவர் தன் வேலையைக் காட்டிவிட்டது என்று எனக்கு உடனே விளங்கியது. அவ்வளவு விரைவில் அவன் திட்டிக்குப் போயிருக்க ஏலாது. வாய்க்காலடியில் நிற்கிறவனை ரவர் தூக்கித் திட்டியில் வைத்திருக்கிறது.

பிறகு புள்ளி அசையவில்லை.

தேநீர் ஆறிக்கொண்டிருந்தபோது இலட்சுமிப்பிள்ளை அக்கா பாரிசில் இருந்து கோல் எடுத்தார்.

"தம்பி குலசிங்கம், பிள்ளையின்ர புள்ளி கடலுக்க நிக்குது. அசையுதில்லை. கோல் எடுத்தாலும் எடுக்கிறானில்லை. எனக்கு நெஞ்சு பதறுது."

"அக்கா, உது எங்கட ரவரின்ர பிழை. என்னையும் ஒருக்காக் கடலுக்கதானே காட்டினது. நான் குசினியில நிண்டனான்."

"அப்ப ஒண்டும் இல்லையே?"

"ஒண்டுமில்லை. அங்க சிக்னல் இராது. படம் எடுத்துக்கொண்டு நிப்பான்."

"ஆராவது கரைப்பக்கம் நிண்டா ஒருக்கா எட்டிப் பாக்கச் சொல்லும் தம்பி."

"சொல்லுறன் அக்கா. நீங்கள் சாப்பிடுங்கோ."

அவர் பெருமூச்சு விட்டார். "நீர் சொன்னால் சரிதான்" என்று வைத்துவிட்டார். அந்த நேரம் கரையில் ஆட்கள் இருந்தார்கள். தேநீர்க் கடையிலேயே தோணிக்காரர் இருவர் சீட்டுக் கடதாசி விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு சொல் போதும், எழும்பி ஓடியிருப்பார்கள். நான் தேநீரைக் குடித்து முடித்தேன். ஒரு தாயின் பதற்றத்தைத் தணித்தது தவறென்றால் அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவனை மறுநாள் காலை கண்டெடுத்தவன் அமலதாஸ். வலை பார்க்கப் போன இடத்தில், வாய்க்காலுக்குள், கரைப்பக்கமாகக் கிடந்திருக்கிறான். திட்டிக்கு அவன் போய்ச் சேரவேயில்லை. தொலைபேசி உறைக்குள் பழுதில்லாமல் இருந்ததாம். நல்ல தயாரிப்பு.

செத்தவீட்டுக்கு இலட்சுமிப்பிள்ளை அக்கா பாரிசில் இருந்து வந்தார். ஆளை இருவர் தாங்கிக்கொண்டுவந்தார்கள். என்னைக் கண்டதும் அவர்களை விட்டுவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "தம்பி, நீர் சொன்னதைக் கேட்டு நான் சாப்பிட்டிட்டுப் படுத்திட்டன். உம்மில பிழையில்லை. உதை நினைச்சு நீர் மனதை அலட்டாதேயும்" என்றார். கை குளிராக இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஊரே என்னைப் பார்த்து உச்சுக்கொட்டியது. நான் மனதை அலட்டவில்லை.

கம்புகள் வளைவில் இல்லாமல் வாய்க்காலை நோக்கி நேரே நிற்பதை அமலதாஸ்தான் ஊருக்குச் சொன்னான். சொன்னவனையே பிடித்துக்கொண்டார்கள். நண்டுவலைக்கு வசதியாக அவன்தான் மாற்றி நட்டிருக்கவேண்டும் என்று சதீசன் முடிவு செய்தான். "கம்பு நட்டது நீதானே?" என்று கேட்டால் அவன், "ஓம், நான்தான் நட்டனான், மாத்தினது நானில்லை" என்கிறான். ஓம் என்பது மட்டும்தான் எழுதப்பட்டது. அவன் பெண்சாதி நிரோஜினி உங்கள் வாசலில் இன்றைக்கும் குந்தியிருக்கிறாள். வரும்போது கண்டேன். வணக்கம் சொன்னாள், நானும் சொன்னேன்.

இதெல்லாம் நடந்து முடிந்த காரியம். இதற்காக நான் வந்திருக்கத் தேவையில்லை. நான் வந்தது வேறொன்றுக்காக.

அந்தியேட்டிக் கிரியை முடிந்த கையோடு ரொறன்ரோப் பிள்ளைகள் வரைபடத்தில் கொக்குத்திட்டியின் பெயரை மாற்றினார்கள். இப்போது அது 'றஜீபன் திட்டி'. பக்கத்தில் ஒரு வெள்ளைப் பூ. அதன் கீழே: 'முதற்காலடி: றஜீபன்.' வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருபவர்கள் படகு பிடித்துப் போய் அங்கே நின்று பொத்தான் அழுத்துகிறார்கள். அடுத்த வருடக் காளாஞ்சியை அவன் நினைவாக இலட்சுமிப்பிள்ளை அக்காவுக்குக் கொடுப்பதென்று சதீசன் சபையில் அறிவித்துவிட்டான்.

நான் நியாயத்தைக் கேட்கிறேன் ஐயா. அவன் கால் அந்தத் திட்டியில் படவேயில்லை. கோயிலுக்குள் நிற்காமல் கோயில் விதானையார். திட்டியில் ஏறாமல் முதற்காலடி. உயிரோடு இருந்தபோதும் ரவர் அவன் பக்கம், செத்தபிறகும் ரவர் அவன் பக்கம்.

ரொறன்ரோவுக்கு எழுதினேன். இம்முறை சிரிக்கும் முகம் வரவில்லை, பதில் வந்தது. "மாமா, அவற்ற புள்ளி திட்டியில இருக்கு. உங்கட புள்ளி அண்டைக்குக் கோயிலில இருக்கு. எங்களுக்குப் புள்ளிதான் சாட்சி. பொலிஸ் அறிக்கை மாதிரி ஏதாவது ஆதாரம் இருந்தா அனுப்புங்கோ, மாத்தலாம்." பண்பான பிள்ளைகள். வாசலைத் திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஆகவே திருத்தம் இதுதான். அன்று காலை கோயிலில் இருந்தது என் தொலைபேசி. நான் கடலில் நின்றேன். அமலதாசின் கம்புகளைப் பிடுங்கி, கரையில் இருந்து திட்டிக்கு நேராக மாற்றி நட்டேன். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் மட்டும் நட்டால் பார்க்கிறவனுக்குச் சந்தேகம் வரும், வழி தொடர்ந்து போவதுபோலத் தெரியவேண்டும். அதனால் கிழக்கே சுற்றிப்போய்த் திட்டியில் ஏறி, அங்கிருந்து இறங்கி வந்து அந்தப் பக்கத்திலும் நட்டேன். அந்தப் பக்கத்துக் கம்புகளின் தலையில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது, தூரத்தில் இருந்து கண்ணுக்குப் படட்டும் என்று. அது என் பழைய சால்வையில் கிழித்தது. மீதிச் சால்வை இந்தப் பைக்குள் இருக்கிறது, பொருத்திப் பார்க்கலாம். வேலை முடிந்து திட்டியில் கொஞ்ச நேரம் நின்றேன். ஒரு கொக்கு பறந்துபோனது. என் கால் அடையாளம் மணலில் பதிந்திருந்தது. அதைப் பார்க்க அழகாக இருந்தது. அழுத்துவதற்குக் கையில் தொலைபேசி இல்லையே என்று அப்போதே கவலைப்பட்டேன்.

அமலதாசை விடுவதும் வைத்திருப்பதும் உங்கள் பொறுப்பு, அதில் நான் தலையிட மாட்டேன். அவனும் அவன் ஆட்களும் காலங்காலமாக அங்கே போய் வருகிறவர்கள் என்று யாராவது குறுக்கே சொல்லக்கூடும். அது தொழில், கணக்கில் வராது.

அறிக்கையின் ஒரு பிரதியை முத்திரை குத்தி என்னிடம் தந்தால் போதும். றஜீபன் போவதற்கு முன்பே, அதே நாள் காலையில், கொக்குத்திட்டியில் முதலில் கால் வைத்தவன் ஏரம்பு குலசிங்கம். அந்த வரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். மற்றதெல்லாம் உங்கள் வசதிப்படி.